ஹலாலுக்கு ஒரு ஆய்வுக்கூடம்

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்து, எழுத்தெல்லாம் மங்கிப்போன தாள். ஒரு ஜும்ஆ முடிந்து வரும்போது பள்ளிவாசல் வாசலில் யாரோ கொடுத்தார்கள் என்று வாப்பா கொண்டுவந்தது. ஈ 120, ஈ 441, ஈ 471, ஈ 542, ஈ 920 என்று வரிசையாக எண்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘எச்சரிக்கை’.

ஹாங்காங்கில் இருந்த மாமா எங்கள் ஊரான காயல்பட்டினத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய இனிப்பு வரும். நாங்கள் பிரிக்கத் துடிப்போம். உம்மா விடமாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொட்டலத்தின் பின்பக்கத்தை அந்தத் தாளோடு வைத்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். 441 என்றால் நேராக வெளியே. அது ஜெலட்டின். 471 என்றால் மேல் தட்டு. தூக்கிப் போடவும் மனசு வராது, எங்களுக்குக் கொடுக்கவும் மனசு வராது. அப்படியே ஐந்தாறு பொட்டலங்கள் மேல் தட்டிலேயே கிடந்து, தேதி தாண்டி, குப்பைக்குப் போயிருக்கின்றன.

471 என்பது கொழுப்பிலிருந்து செய்யும் ஒரு சேர்மானம். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் சாக்லேட்டிலும் சேர்ப்பார்கள். பாமாயிலிலிருந்தும் செய்யலாம், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் செய்யலாம், பன்றிக்கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எதிலிருந்து செய்தாலும் எண் 471தான். ஆக, அந்தத் தாள் பொய் சொல்லவில்லை, உண்மையையும் முழுசாகச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று தெரிந்துவிடும். ஹாங்காங் பொட்டலத்தில் அந்தப் புள்ளிக்கு எங்கே போக?

மேல் தட்டில் கிடந்த அந்தப் பொட்டலங்கள்தான் என்னை வேதியியலுக்குக் கொண்டுபோயின என்று இப்போது நினைக்கிறேன். இளங்கலை முடித்ததும் மலேசியாவுக்குப் போய் ‘ஹலால் அறிவியல்’ என்ற பெயரில் முதுகலை படித்தேன். ஊரில் சொன்னபோது இரண்டு பக்கமும் ஒரே கேள்விதான். “அதுக்குத்தான் கிதாபு இருக்கே, இதில் படிக்க என்ன இருக்கு?” என்றார் மார்க்க அறிஞரான எங்கள் தெரு ஆலிம்சா. கிதாபு என்று அவர் சொன்னது மார்க்கச் சட்ட நூல்களை. கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர், “உணவுப் பகுப்பாய்வுதானே, அதற்கு எதற்குத் தனிப் பெயர்?” என்றார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இத்தனை வருடங்களில் நான் கண்டுகொண்ட பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கதை இந்தோனேசியாவில் தொடங்குகிறது, 1988-இல். மலாங் நகரத்து பிராவிஜயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திரி சுசாந்தோ, கடையில் விற்கும் பல உணவுப்பொருட்களில் பன்றியிலிருந்து வந்த சேர்மானங்கள் இருக்கலாம் என்று ஒரு மாணவர் இதழில் எழுதினார். அவர் எழுதியது ஆய்வாளரின் ஐயம். அது கைமாறக் கைமாறப் பட்டியலாகி, பட்டியல் நீண்டு, நாடு முழுக்கப் பீதியாகிவிட்டது. நூடுல்ஸ், பால்மாவு, பிஸ்கட், சோயா சாஸ் எல்லாம் கடைகளில் தேங்கின. எங்கள் அலமாரித் தாளுக்கு அந்தப் பட்டியல் மூத்த அக்கா என்றே சொல்லலாம்.

அந்தப் பீதியில் எவராலும் அதிகாரத்தோடு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மார்க்க அறிஞர்களான உலமாக்களுக்குப் பன்றி ஹராம் என்று தெரியும், பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் சேர்க்கும் ஷார்ட்டனிங் என்ற கெட்டிக்கொழுப்பு என்னவென்று தெரியாது. வேதியியலாளர்களுக்கு ஷார்ட்டனிங் தெரியும், அதைப் பற்றி மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி கிடையாது. இந்தோனேசிய உலமா சபை 1989 ஜனவரி 6 அன்று உணவு, மருந்து, அழகுசாதனப் பொருட்களை ஆராய ஒரு தனி அமைப்பைத் தொடங்கியது. எல்.பி.பி.ஓ.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதைப் பத்தாண்டுக்கும் மேலாக நடத்தியவர் போகோர் வேளாண் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் ஆயிஷா கிரிந்த்ரா. உலமாக்கள் நிறைந்த அறையில் ஒரு பெண், அதுவும் நொதிகளைப் பற்றிப் பேசுகிற பெண். முதல் வருடம் அவரைப் பற்றி வகுப்பில் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் அஜினோமோட்டோ விவகாரம் வெடித்தது. இந்தத் துறையை யாராவது ஒரே கதையில் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் சொல்வது இதைத்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அஜினோமோட்டோ உப்பை, அதாவது மோனோசோடியம் குளூட்டமேட்டை, பாக்டீரியாக்கள் செய்கின்றன. கரும்புச் சர்க்கரைப் பாகு போன்ற ஒன்றைக் கொடுத்தால் தின்றுவிட்டு குளூட்டமிக் அமிலத்தை வெளியே விடும். அதைச் சுத்தம் செய்து படிகமாக்கினால் உப்பு. அந்த பாக்டீரியாவை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும் இல்லையா? நாம் உறைமோரை எடுத்துவைப்பது மாதிரி, தொழிற்சாலையில் ஒரு தாய் வளர்ப்பு இருக்கும். அதற்குத் தீனி வேண்டும். கிழக்கு ஜாவாவின் மொஜோகெர்த்தோவில் இருந்த ஆலை, அந்தத் தீனியை இடையில் மாற்றியிருந்தது. புதிய தீனியின் பெயர் பாக்டோசோய்டோன். பெயரிலேயே சோயா இருக்கிறது. சோயாப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்த பொடி அது. அந்தத் துண்டாக்கும் வேலையைச் செய்த நொதி பன்றியிலிருந்து வந்தது.

எத்தனை படி தள்ளி என்று பாருங்கள். பன்றியின் நொதி சோயாவை உடைத்தது. உடைந்த சோயாவை பாக்டீரியா தின்றது. அந்த பாக்டீரியாவின் கொஞ்சூண்டு வளர்ப்பிலிருந்து பெருக்கிப் பெருக்கிப் பெரிய தொட்டிகளை நிரப்பினார்கள். தொட்டியிலிருந்து வந்த அமிலத்தைச் சுத்தம் செய்து படிகமாக்கினார்கள். கடையில் விற்ற பொட்டலத்தை எந்த ஆய்வுக்கூடத்தில் கொடுத்து எந்தக் கருவியில் போட்டாலும் பன்றி தெரியாது. தெரிய அங்கே ஒன்றும் இல்லை.

சான்றிதழைப் புதுப்பிப்பதற்கான தணிக்கையில் இது தெரியவந்தது. உலமா சபையின், மார்க்கத் தீர்ப்பு வழங்கும் ஃபத்வா குழு 2000 டிசம்பரில் ஹராம் என்று தீர்ப்பளித்தது. 2001 ஜனவரியில் நாடு முழுவதிலிருந்தும் சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். நிறுவன அதிகாரிகள் சிலரைப் போலீஸ் பிடித்து விசாரித்தது. இந்த நேரத்தில் நாட்டின் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித், ஆய்வுக்கூட முடிவைக் காட்டி, அந்த உப்பு ஹலால்தான் என்று சொன்னார். வாஹித் மார்க்கம் தெரியாத அரசியல்வாதி இல்லை. நஹ்தத்துல் உலமா என்ற மாபெரும் உலமா இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர், தானே ஒரு பெரிய ஆலிம்.

ஆகவே இதை மார்க்கத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த சண்டை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு தரப்பிலும் மார்க்கம் இருந்தது, இரண்டு தரப்பும் ஒரே அறிவியலை ஏற்றுக்கொண்டன. உப்பில் பன்றி இல்லை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. கேள்வி வேறு: ஹலால் என்பது பொருளின் குணமா, அது நடந்து வந்த பாதையின் குணமா? பன்றியைப் பயன்படுத்திக்கொண்டதே தவறு, கடைசியில் அது மிஞ்சியதா இல்லையா என்பது பேச்சே இல்லை என்றது ஃபத்வா குழு. கையில் இருக்கும் பொருளைப் பார், அது தூய்மையாக இருக்கிறது என்றார் வாஹித். நிறுவனம் தீனியை மாமேனோ என்ற வேறொன்றுக்கு மாற்றி, சில வாரங்களில் மறுபடியும் ஹலால் சான்றிதழ் வாங்கிக்கொண்டது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கருவிகளைக் கற்றுக்கொள்ள வந்தவள். முதல் பாடத்திலேயே எந்தக் கருவிக்கும் அகப்படாத ஒரு ஹராமைக் காட்டிவிட்டார்கள்.

கருவிகளின் பக்கமும் போய்வருவோம். எனக்கு அந்தப் பக்கம் பிரியம் அதிகம்.

ஆரம்பத்தில் எல்லோரும் துரத்தியது கொழுப்பைத்தான். மலேசியாவில் யாக்கோப் சே மான் என்ற எண்ணெய் வேதியியல் பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் பன்றிக்கொழுப்பை மற்றக் கொழுப்புகளிலிருந்து பிரித்தறியும் வழிகளைப் பல வருடம் தேடினார்கள். அகச்சிவப்புக் கதிரை விட்டுப் பார்த்தார்கள், சூடாக்கி உருகும் விதத்தைப் பார்த்தார்கள், வாசனையை அறியும் மின்னணு மூக்கை வைத்துப் பார்த்தார்கள். 2006-இல் செர்டாங்கில் இருக்கும் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம் ஹலால் பொருள் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் அவர்தான்.

கொழுப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கொழுப்பு மூலக்கூறு என்பது மூன்று இருக்கைகள் உள்ள பெஞ்சு மாதிரி. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு கொழுப்பு அமிலம் உட்கார்ந்திருக்கும். பாமிட்டிக் அமிலம் பாமாயிலிலும் உண்டு, மாட்டிலும் உண்டு, பன்றியிலும் உண்டு. மொத்தமாக எடை போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் தாவர எண்ணெய்களில் அது பெரும்பாலும் ஓரத்து இருக்கைகளில் உட்காரும். பன்றிக்கொழுப்பில் நடு இருக்கையில் உட்காரும். தாய்ப்பாலிலும் அப்படித்தான், நடுவில். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஓரத்து இருக்கைகளை மட்டும் வெட்டிவிட ஒரு நொதியைப் பயன்படுத்துவார்கள். அந்த வேலைக்கு ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வாங்கும் நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது. எங்கள் வகுப்பில் ஷரீஆ பிரிவிலிருந்து வந்த ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், “பரிசோதனைக்குப் பயன்படுத்துவதும் பயன்படுத்துவதுதானே?” என்று கேட்டான். அன்று அந்த வகுப்பு முடியவே இல்லை. கையுறை, தனி அறை, தனிக் கோட்டு, கடைசியில் ஏழு தடவை கழுவல், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீர். இதெல்லாம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் நடைமுறையிலேயே இருந்தது. எங்கள் ஊர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், அதாவது அந்த மார்க்கச் சட்ட மரபில், பன்றி பட்ட இடத்தைச் சுத்தம் செய்யும் முறை அது. காயலில் சின்ன வயதில் ஓதிய பாடத்தை ஆய்வுக்கூடச் சுவரில் பாதுகாப்பு விதிகளுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது ஏதோ ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கொழுப்புக்கு அப்புறம் டி.என்.ஏ. வந்தது. பி.சி.ஆர். என்பதைக் கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பன்றிக்கு மட்டுமே உரிய ஒரு சின்னத் துண்டு டி.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது. 40 சுற்று ஓட்டினால், கணக்குப்படி ஒரு துண்டு ஒரு லட்சம் கோடிக்கும் மேல் ஆகிவிடும். பெரும்பாலும் தேடுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ.வை. ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் சமைத்த உணவிலும் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

எனக்கு நடந்தது இந்தக் கருவியில்தான். ஒரு சிறு வியாபாரி செய்த இறைச்சி உருண்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். திரையில் கோடு 30 சுற்று வரை தட்டையாகப் போனது. 33-இல் மெல்ல நிமிர்ந்தது. 35-இல் வளைந்து மேலே ஏறிவிட்டது. பன்றி. என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போதும் உணர முடிகிறது. அந்த வியாபாரியை எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு ஒரு குடும்பம் இருக்கும், ஊரில் ஒரு பெயர் இருக்கும். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் ஆய்வு வழிகாட்டி அம்மையார் கோட்டைப் பார்க்கவே இல்லை. “தண்ணீர் என்ன சொல்கிறது?” என்றார்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் மாதிரி எதுவும் போடாமல் வெறும் தண்ணீர் வைத்த ஒரு குழி இருக்கும். அது தட்டையாகவே இருக்க வேண்டும். திரும்பப் போய்ப் பார்த்தேன். தண்ணீரின் கோடும் ஏறியிருந்தது. உருண்டையில் இருந்த ‘பன்றி’ தண்ணீரிலும் இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பன்றி டி.என்.ஏ.வை அளந்த பிப்பெட்டை, அதாவது துளித் துளியாக அளந்து விடும் குழாயை, தவறுதலாக மாதிரி மேசைக்கு நான்தான் கொண்டுவந்திருந்தேன். பிப்பெட்டை மாற்றி, மேசையைத் துடைத்து, புது மாதிரி எடுத்து ஓட்டினேன். கோடு 40 வரைக்கும் தரையிலேயே கிடந்தது. அந்த வியாபாரிக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது. ஆனால் அந்த இரண்டு வாரமும் நான் அவருக்குக் கடன்பட்டவளாகவே நடமாடினேன்.

அதனால்தான் 2014 கேட்பரி விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். அந்த மே மாதக் கடைசியில், இரண்டு வகை கேட்பரி சாக்லேட்டில் பன்றி டி.என்.ஏ.வின் சுவடு இருந்ததாக மலேசிய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. நாடே கொந்தளித்தது. புறக்கணிப்பு, வழக்கு என்ற பேச்செல்லாம் கிளம்பியது. சாப்பிட்டவர்கள் தங்களை எப்படிச் சுத்தம் செய்துகொள்வது என்று பதறிக் கேட்டார்கள். அப்படி எதுவும் செய்யத் தேவையில்லை என்று ஃபத்வா சபைத் தரப்பிலிருந்து ஆறுதல் சொன்னார்கள். ஜூன் தொடக்கத்தில், மலேசியாவின் இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம், தொழிற்சாலையிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளில் பன்றி எதுவும் இல்லை என்று அறிவித்தது.

அஜினோமோட்டோவில் பொருளில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் ஹராம் என்றார்கள். கேட்பரியில் ஒரு சோதனை ஏதோ இருக்கிறது என்று காட்டியது, கடைசியில் ஹலால் என்றார்கள். ஒன்றைப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பாருங்கள். எங்கள் தெரு ஆலிம்சாவுக்கும் என் பேராசிரியருக்கும் நான் சொல்ல நினைக்கும் பதில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெறும் கிதாபு போதும் என்றால் பாக்டோசோய்டோன் என்ற பெயரில் இருக்கும் சோயாவைப் பார்த்து ஏமாந்திருப்போம். வெறும் பகுப்பாய்வு போதும் என்றால் ஒரு வளைந்த கோட்டை வைத்து ஒரு வியாபாரியின் வாயில் மண் போட்டிருப்போம். எதை, எங்கிருந்து, எந்தக் கட்டத்தில் எடுத்துச் சோதிக்க வேண்டும், கிடைத்த எண்ணுக்கு என்ன எடை கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்க இரண்டு படிப்பும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டியிருக்கிறது.

அளவு என்பது சின்ன விஷயம் இல்லை. 2013-இல் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட சோதனை முடிவில், 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 23-இல் பன்றி டி.என்.ஏ. இருந்தது, 10-இல் குதிரை. பெரும்பாலானவற்றில் வெறும் சுவடுதான், ஆனால் ஒரு பர்கரில் இறைச்சியின் 29 சதவீதம் குதிரை. ஒரே ஆலையில் பன்றியும் மாடும் வெட்டினால் சுவடு ஒட்டத்தான் செய்யும். 29 சதவீதம் தற்செயலாக ஒட்டாது. இரண்டையும் ‘உண்டு’ என்ற ஒரே சொல்லில் எழுதினால் அது அறிக்கையே இல்லை. ஷாஃபி நூல்களில், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள நஜீஸ், அதாவது அசுத்தம், மன்னிக்கப்படுமா என்று ஒரு நீண்ட விவாதம் இருக்கிறது. பழைய அறிஞர்கள் கண்ணைத்தான் கருவியாக வைத்துப் பேசினார்கள். ஒன்றை லட்சம் கோடியாக்கிப் பார்க்கும் கருவி கைக்கு வந்த பிறகு அந்த விவாதத்தைத் தூசு தட்டி எடுத்துப் படிக்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது.

பாங்காக்கைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருக்கும் தாய்லாந்தில், சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில், ஹலால் அறிவியல் மையம் என்று பெயரிலேயே ‘அறிவியல்’ சேர்த்து ஒரு மையம் இருக்கிறது. 2003-இல் தாய்லாந்து அமைச்சரவை அதற்கு நிதி ஒதுக்கியது. உலகத்துக்கே உணவு விற்கும் நாடு, வாங்குபவர்களில் முஸ்லிம் நாடுகள் நிறைய, எனவே கணக்கு சரிதான். ஆனால் அதை உருவாக்கிய வினாய் தஹ்லானின் கதையில் எனக்கு வேறொரு பிடிப்பு. அவர் ஊட்டச்சத்தும் கொழுப்பும் படித்தவர், பெல்ஜியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய தாத்தா அஹ்மத் தஹ்லான், 1912-இல் யோக்யகர்த்தாவில் முஹம்மதியா இயக்கத்தைத் தொடங்கியவர்.

அந்தத் தாத்தா இளைஞராக இருந்தபோது, ஊர்ப் பெரிய பள்ளிவாசலின் கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசை, சரியில்லை என்று வானியல் கணக்குப் போட்டுச் சொன்னார். தொழுகை வரிசைக்குப் புதுக்கோடு போடவேண்டும் என்றார். பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். அவர் சரியான திசையில் கட்டிய சின்னத் தொழுகைக்கூடத்தை இடித்தே விட்டார்கள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பிறையைக் கண்ணால் பார்ப்பதா, கணக்கால் சொல்வதா என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கொதிப்பு நன்றாகவே புரியும். வணக்கத்துக்காக அறிவியலை அழைப்பது நமக்குப் புதிதில்லை. 14-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸில் தொழுகை நேரம் கணிக்கவென்றே உமய்யா பள்ளிவாசலில் இப்னு ஷாத்திர் என்ற பெரிய வானியலாளர் பணியில் இருந்தார். திசைக்கும் நேரத்துக்கும் ஒரு துறை அப்போதே உருவாகிவிட்டது. உணவுக்கு உருவாக இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம், உணவு அடுப்படியை விட்டு ஆலைக்குப் போனதே சமீபத்தில்தான். கண்முன்னே பிஸ்மி சொல்லி அறுத்த ஆட்டுக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை.

தாய்லாந்துக்காரர்கள் ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள்: மார்க்கம் சான்று தரும், அறிவியல் தாங்கிப் பிடிக்கும். அந்த மையத்துக்குப் போயிருந்தபோது எனக்குக் காட்டியது பளபளக்கும் கருவிகளை மட்டும் இல்லை, களிமண் கலந்த ஒரு திரவச் சோப்பையும் காட்டினார்கள். ஆலையின் குழாய்களிலும் இயந்திரங்களிலும் மண்ணைக் கரைத்து ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், கீறல் விழும். அதனால் நுண்ணிய, சுத்தமான களிமண்ணில் சோப்புச் செய்து, மார்க்கம் சொன்ன கழுவலை ஆலைக்கு ஏற்றபடி ஆக்கியிருக்கிறார்கள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மழை பெய்த வாசல் மாதிரி ஒரு மெல்லிய வாசனை வந்தது.

இந்தத் துறை பட்டப்படிப்பாக நிலைபெற்றதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. இந்தோனேசியாவின் 2014-ஆம் ஆண்டு 33-ஆம் எண் சட்டம் சந்தையில் விற்கும் பொருட்களுக்கு ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கியது, படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது. அதில் ஒரு சிறிய பிரிவு, தணிக்கை செய்பவர் உணவியல், வேதியியல், உயிர்வேதியியல், தொழிற்பொறியியல், உயிரியல், மருந்தியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி, அதற்காக வகுப்பறைகள் நிறைகின்றன. அதற்கு முன்பே, 2011-இல், மலேசியாவின் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் ஹலால் ஆய்வுக்கும் பயிற்சிக்குமாக ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது.

எனக்கு இந்தத் துறையில் ஒரு குறையும் இருக்கிறது, மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன். வருகிற ஆய்வுக்கட்டுரைகளில் பெரும்பகுதி, பன்றியை இன்னும் குறைந்த அளவில் கண்டுபிடிக்கும் இன்னொரு வழியைப் பற்றித்தான். நான் எழுதியதும் அந்த வகைதான். கண்டுபிடிக்கும் வழிகள் குவிந்த அளவுக்கு மாற்றுகள் குவியவில்லை. 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை ஒரு ஃபத்வா கொடுத்தது. புனேயில் தயாராகி வந்த தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டிருப்பதால் ஹராம், ஆனால் வேறு வழி இல்லாத அவசியத்தால் போட்டுக்கொள்ளலாம் என்று. தெளிவான, பொறுப்பான தீர்ப்பு. ஆனால் பல வீடுகளில் முதல் பாதி மட்டும் போய்ச் சேர்ந்தது. ஆச்சே மாநிலத்தில் தடுப்பூசி போட்ட பிள்ளைகளின் விகிதம் மிகவும் தாழ்ந்துபோனது. ஃபத்வா எழுதியவர்களையோ பயந்த தாய்மார்களையோ நான் குறை சொல்லவில்லை. என் உம்மாவே அந்தத் தாய்களில் ஒருத்தியாக இருந்திருப்பார். தடுப்பூசித் தயாரிப்பில் பயன்படும் டிரிப்சின் என்ற நொதியைப் பன்றியிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக வேறு டிரிப்சின் செய்ய முடியும், செய்தும் வருகிறார்கள். அந்த வேலைக்கு இன்னும் நூறு பேர் வேண்டும், இன்னொரு கண்டுபிடிப்புக் கருவிக்கு அத்தனை பேர் வேண்டாம்.

சரி, போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மூட்டுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டை, உள்ளே பாதி சிவப்பு பாதி வெள்ளைக் கேப்சூல்கள். “இந்தக் கூடு எதில் செஞ்சதும்மா?” என்று கேட்டிருந்தார். ஜெலட்டின் என்றுதான் தோன்றியது. மாடாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம், தாவர நாரான செல்லுலோஸிலும் கூடு வருகிறது, கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன், அதற்குள் ஆலிம்சாவிடம் கேளுங்கள் என்று பதில் போட்டேன். கேட்டுவிட்டாராம். ஆலிம்சா, உங்கள் மகளிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம்.

அன்று இரவே உம்மா போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், ஸ்பீக்கரில் போட்டு, அவரையும் உட்கார வைத்துவிட்டார். அதே ஆலிம்சாதான், கிதாபு இருக்கே என்றவர். இப்போது குரல் தளர்ந்திருக்கிறது. கள் காடியாக மாறினால் அதன் சட்டம் மாறிவிடுகிறது, அது கிதாபில் தெளிவு என்றார். ஹனஃபிகள் இதை விரிவாக எடுத்துக்கொள்வார்கள், நாம் ஷாஃபிகள், குறுக்கித்தான் எடுப்போம் என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “நீ சொல்லும்மா, தோலும் எலும்பும் இந்தக் கூடாக ஆகும்போது உள்ளே நிஜமாக மாறுவது என்ன? பேர் மட்டுமா, பொருளேவா?” என்று கேட்டார்.

கொலாஜன் என்பது மூன்று இழை முறுக்கிய கயிறு என்று தொடங்கினேன். அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்துச் சூடாக்கினால் முறுக்கு பிரிந்துவிடும், இழைகள் ஆங்காங்கே அறும், அதுதான் ஜெலட்டின். ஆனால் அறுந்த இழையை எடுத்துப் படித்தால் அது மாட்டுடையதா பன்றியுடையதா என்று இன்னமும் எழுதியிருக்கும், அந்த எழுத்தை வாசிக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. சோப்பு அப்படி இல்லை, அங்கே கொழுப்பே உடைந்து வேறு பொருளாகிவிடுகிறது. “இரு, இரு” என்றார் ஆலிம்சா. பேனா தேடும் சத்தம் கேட்டது. “முதல்லேர்ந்து சொல்லு. மூணு இழை.”